கேரட் லாரி வருவதற்குள்

ஏழு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு
மத்தியானமே எழுந்து போய்விட்டது கோழி.
எட்டாவது முட்டையில்
மிளகளவு ஓட்டை.
உள்ளே ஒரு மூக்கு
வருகிறது, போகிறது.

கேத்தி பாலாடாவில் தை மாத ராத்திரி.
தகரக் கூரைமேல் பனி இறுகும் சத்தம்
கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்கும்.
ஒரு மணிக்கு லாரி வரும்.
அதற்குள் இந்த அட்டைப்பெட்டிக்கு
ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

"கை வைக்காதீங்க" என்கிறாள் தெரசம்மா
திருப்பூரிலிருந்து, போனில்,
பின்னால் தையல் மிஷின்கள் ஓட.
"வர வேண்டியது வரும்.
வராததை வெளிய எடுத்து
என்ன பண்ணப் போறீங்க?"
அந்த வாக்கியம் எங்களுக்கு நடுவே
கொஞ்ச நேரம் நின்றது.
இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

யோகராசா வேறு மாதிரி.
கண்டிப் பக்கம் பிறந்து
ஆறு வயதில் கப்பலேறி வந்தவன்.
"உள்தோல் காஞ்சு ஒட்டிருச்சுன்னா
அது சட்டை இல்ல, சாக்கு.
உரிச்சு விடு" என்றான்
காதில் பீடியைச் செருகியபடி.
தான் உரித்த இரண்டில்
ஒன்று செத்ததையும் அவனே சொன்னான்.
நேர்மையானவன். உதவவில்லை.

ஓட்டுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தேன்.
பீட்ரூட்டைப் பிடுங்கினால்
நுனியில் தொங்குமே, அந்த மாதிரிச் சிவப்பு வேர்கள்.
ரத்தம் இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை.
அவசரப்படுவது நான்தான்,
அது இல்லை.

ஆனால் அதன் கத்தல்
பத்து மணிக்கு இருந்த மாதிரி
பதினொன்றுக்கு இல்லை.
தூங்குகிறதா, முடிந்துகொண்டிருக்கிறதா?
வெளியே இருப்பவனுக்கு
இரண்டும் ஒரே சத்தம்தான்.

வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து
ஓட்டையின் விளிம்பில் வைத்தேன்.
இது உதவியில் சேராது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அப்புறம் நகத்தால் ஒரு சில்லு.
சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.
அது பெயர்ந்த இடத்தில்
குண்டூசித் தலையளவு ரத்தம்.

நிறுத்திவிட்டேன்.

கீழே ரோட்டில் ஹாரன், இரண்டு தடவை.
அறுபது வாட்ஸ் பல்பைப் பெட்டிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு,
பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்து,
கதவைப் பூட்டினேன்.
திரும்பத் திறந்து
பல்பை இன்னும் ஒரு விரல் இறக்கினேன்.

ராத்திரி முழுக்கக் கேரட்.
டிரம் சுழலச் சுழல
சேறு கரைந்து ஆரஞ்சு நிறம் வெளியே விழுந்தது.
கை இரண்டும் மரத்துவிட்டது.
அந்த ஒரு நகம் மட்டும் மரக்கவே இல்லை.
நடுவில் கரண்ட் போய் மிஷின் நின்றது.
மற்றவர்கள் பீடி பற்றவைத்தார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபது நிமிஷம்.
மேட்டுப்பாளையம் மண்டிக்கு
நூற்றிப்பத்து மூட்டை ஏற்றிவிட்டு ஏறி வந்தேன்.

புல் எல்லாம் உப்புக் கொட்டினாற்போல் வெளுத்திருந்தது.
பெட்டிக்குள் மஞ்சள் வெளிச்சம்.
அது வெளியே கிடந்தது
பிழிந்த பஞ்சு மாதிரி, மூச்சோடு.
இடது கால் மட்டும்
பக்கவாட்டில் போயிருந்தது.

நான் பெயர்த்ததாலா,
பெயர்க்காமல் விட்ட மிச்சத்தாலா,
அந்த இருபது நிமிஷக் குளிராலா?
ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
இதில் என்னுடையது எது, அதனுடையது எது
தெரியவில்லை.

பிளாஸ்திரியை நீளவாக்கில் கிழித்து
இரண்டு காலையும் ஒரு விரல் இடைவெளியில் சேர்த்து ஒட்டினேன்.
எழுந்தது. விழுந்தது.
விழுந்தபடியே என்னைப் பார்த்தது.

போன். திருப்பூரில் ஷிப்ட் முடிந்திருக்கும்.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
"தானாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள்
பெட்டிக்குள்ளிருந்து அது கத்தியது.
தெரசம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்,
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
போனைப் பெட்டிப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு
கை வலிக்கும்வரை நின்றேன்.